தொலைக்காட்சியில் பால்மரக் காடு எங்கே?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்றிருந்தோம். தேக்கா சந்தையில் சாமான் வாங்கிய பிறகு, சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். நம் தோட்டத்துப் பாட்டி ஒருவரும் நம்முடன் வந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டி ஓய்ந்தவர். கடைச் சுவரிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் ஏதோ ஒரு தமிழ் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகனின் தந்தை ஏழை என்று காட்டுவதற்காக, அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் காட்சி ஒன்று வந்தது.

பாட்டி தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இதென்ன தம்பி, உச்சி வெயிலில் நின்று பால் வெட்டுகிறான்? அதுவும் கோட்டை வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் இழுக்கிறான். கத்தி கட்டைக்குள் இறங்குகிறது. இவனிடம் நிரையைக் கொடுத்தால் மரத்தையே கெடுத்துவிடுவான்!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால், திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல் மனத்தை உறுத்திக்கொண்டே வந்தது. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றுச் சாய்வாக ஓடுவதால், இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். கத்தி கட்டையைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இவையெல்லாம் நம் லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயங்கள். நாடகம் எழுதியவருக்கும் நடித்தவருக்கும் எடுத்தவருக்கும் தெரியவில்லை. நம்மில் ஒருவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

தொலைக்காட்சி நிலையங்கள் அவ்வப்போது "வரவிருக்கும் நிகழ்ச்சிகள்" என்று பட்டியல் வெளியிடுகின்றன. இத்தனை விவரணப் படங்கள், இத்தனை தொடர் நாடகங்கள், இத்தனை இசை நிகழ்ச்சிகள் என்று அவை அழகாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதில் உழைக்கிற தமிழன் எங்கே?

பொதுப் பணம், பொதுக் கிணறு

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் தொடங்கியது. விக்டோரியா நினைவு மண்டபத்தில் அதைத் தொடங்கிவைத்தவர் அன்றைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பானில் ரப்பர் தோட்டச் சூழலில் வளர்ந்தவர் அவர். அன்று மாலை முதலில் காட்டப்பட்டது ஒரு விவரணப் படம் என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது. ஆட்டமும் பாட்டமும் கலந்த பல்சுவை நிகழ்ச்சி அதற்குப் பின்னரே வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 2ஆம் நாள் முறையான ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. நவம்பரில் இரண்டாவது ஒளிவழி வந்தபோது, எட்டாம் ஒளிவழியில் சீனத்துடன் தமிழும் இடம் பெற்றது. வீட்டில் பெட்டி வாங்க வசதியில்லாத மக்கள் சமூக மன்றங்களில் கூடிப் பார்த்தார்கள்.

தமிழுக்குக் கிடைத்த நேரம் படிப்படியாகத்தான் வளர்ந்தது. 2000ஆம் ஆண்டில் "வசந்தம் சென்ட்ரல்" என்ற பெயரில் மற்ற நிகழ்ச்சிகளோடு பங்கு போட்டுக்கொண்டது. 2008 அக்டோபர் 19 முதல் "வசந்தம்" தனி ஒளிவழியாயிற்று. இது சாதாரணக் காரியமல்ல. இதற்காக உழைத்த கலைஞர்களையும் அதிகாரிகளையும் நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், இது எதனால் முடிந்தது என்பதையும் சிந்திக்க வேண்டும். சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. 2010ஆம் ஆண்டில் அது 3.3 விழுக்காடாக இருந்தது. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லாத ஒரு கூட்டத்திற்கு, விளம்பர வருமானத்தை மட்டும் நம்பி எந்த வியாபாரியும் முழுநேரத் தொலைக்காட்சி நடத்த மாட்டான். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதாலும், பொதுச் சேவை நிகழ்ச்சிகளுக்கு அரசாங்கம் பணம் தருவதாலுமே இது நடக்கிறது. வீட்டுக்கு வீடு செலுத்திவந்த உரிமக் கட்டணம் 2011இல் நீக்கப்பட்ட பிறகு, இது முழுக்க முழுக்கப் பொதுப் பணத்தின் பொறுப்பாயிற்று.

பொதுப் பணத்தில் வெட்டிய கிணற்றில் எல்லாரும் தண்ணீர் எடுக்க வேண்டும். நகை வாங்குகிறவர், வீடு வாங்குகிறவர், கார் வாங்குகிறவர் ஆகியோரின் முகத்தை மட்டும் அது காட்டக் கூடாது. விளம்பரக்காரர் திரும்பிப் பார்க்காத மனிதனைத் திரும்பிப் பார்ப்பதற்குத்தான் பொதுத் தொலைக்காட்சி இருக்கிறது என்பது நமது கருத்து.

நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன வேல்ஸ் நாட்டிலும் இந்தப் பிரச்சினை எழுந்தது. வெல்ஷ் மொழிக்குத் தனி ஒளிவழி தருவதாகச் சொன்ன பிரிட்டிஷ் அரசாங்கம் பின்வாங்கியபோது, கட்சித் தலைவர் குவின்வோர் எவன்ஸ் உண்ணாவிரதம் இருக்கப்போவதாக 1980இல் அறிவித்தார். அவ்வாண்டிலேயே அரசாங்கம் இணங்கியது. 1982 நவம்பர் முதல் நாள் அந்த ஒளிவழி பிறந்தது. நமக்கு ஒளிவழி கிடைத்துவிட்டது. அதில் நம் வாழ்க்கையைக் கேட்டு வாங்குவதுதான் பாக்கி.

ரப்பரின் கதை அங்கேதான் தொடங்குகிறது

"ரப்பர் தோட்டமே இல்லாத சிங்கப்பூரில் ரப்பர் தொழிலாளியின் கதையை ஏன் காட்ட வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு வரலாறு பதில் சொல்லும்.

1877ஆம் ஆண்டில் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்து சேர்ந்தன. 1888இல் அந்தப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர்தான், மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லச் சீவி, அதே கோட்டில் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். ரப்பர் பயிரிடச் சொல்லி ஊர் ஊராகப் பேசியதால் அவரைப் பைத்தியக்காரர் என்றே பலர் கேலி செய்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் அதை நம்பிப் பயிரிட்டார். அதன் பிறகு மலாயாக் காடுகளெல்லாம் பால்மரம் ஆயின. அந்த மரங்களின் அடியில் நம் முன்னோர் கங்காணியின் பின்னால் வந்து நின்றார்கள். இன்று அடுக்குமாடி வீடுகள் உயர்ந்து நிற்கும் யீஷூன், செம்பவாங் வட்டாரங்களிலும் அன்று ரப்பர் மரங்களே நின்றன.

விவரணப் படத்திற்கு இதைவிட என்ன விஷயம் வேண்டும்? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடை மூடப்பட வேண்டும் என்று நம் மக்கள் கேட்டார்கள். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படை முகாமுக்குப் பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டுப் போன பெண்களும் உண்டு. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் வந்து கூடுகிற கட்டடத் தொழிலாளரும் கப்பல் பட்டறைத் தொழிலாளரும் இந்தத் தொடர்கதையின் புதிய அத்தியாயமே.

நாடகமும் பாட்டும்

நாடகத்தைப் பற்றி ஒரு சொல். நாம் பார்க்கும் தொடர் நாடகங்களில் பெரிய வீடு, பெரிய கார், சொத்துத் தகராறு, மாமியார் மருமகள் சண்டை ஆகியவையே மிகுதி. தொழிலாளி வந்தால் கதவு திறக்க வருகிறான், அல்லது குடித்துவிட்டு வருகிறான். குடியைக் காட்டக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அது நம் குறைதான். ஆனால், மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய், மழைக்காலத்தில் வேலையின்றி வட்டிக்கு வாங்கும் குடும்பம், தோட்டம் விற்கப்பட்டதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் ஆகியவற்றில் கதை இல்லையா? இதில் கண்ணீரும் உண்டு, சிரிப்பும் உண்டு, வீரமும் உண்டு.

இசை நிகழ்ச்சி என்றால் சினிமாப் பாட்டு என்றாகிவிட்டது. சினிமாப் பாட்டு நமக்கும் பிடிக்கும். ஆனால், லயத்துத் திருவிழாவில் ஒலிக்கும் உறுமி, தப்பு, கும்மி, தெம்மாங்கு, சாவு வீட்டில் நம் தாய்மார்கள் தாமே கட்டிப் பாடும் ஒப்பாரி ஆகியவையும் இசைதான். பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாளைக்குப் படம்பிடிக்கலாம் என்று காத்திருந்தால், நாளைக்குப் பாட ஆளிருக்காது.

"மக்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்" என்று நிகழ்ச்சி தயாரிப்போர் சொல்வதுண்டு. நல்ல விவரணப் படத்தை இரவு பத்தரை மணிக்குப் போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று சொன்னால் அது நியாயமா? விடியற்காலை நாலரைக்கு எழுந்து பிரட்டுக்குப் போகிறவன் அந்நேரம் பாதித் தூக்கத்தில் இருப்பான். எட்டு மணிக்குப் போட்டுப் பார்க்கட்டும். அதன் பிறகும் பார்க்கவில்லை என்றால் நம்மைக் குறை சொல்லட்டும்.

நம் பங்கு

கேட்பதற்கு முன்னால், நம் வீட்டையும் கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். குறிப்பாகக் கிராணிமாராகிய நாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நிறுத்த பாலைக் கணக்கில் எழுதினோம். பேர் போட்டோம், பேர் வெட்டினோம். ஆனால், பால் கொண்டுவந்தவர் சொன்ன சொல்லை நாம் எழுதி வைக்கவில்லை. சிங்கப்பூரில் 1979 முதல் முதியோரின் வாய்மொழி வரலாற்றை அரசாங்கமே பதிவு செய்து காத்துவருகிறது. நம் தோட்டங்களில் அந்தக் காரியத்தை யார் செய்வது? கையில் பேனாவும் சட்டைப் பையில் கைப்பேசியும் உள்ள கிராணிமார்தாம் செய்ய வேண்டும்.

ஆகவே, தோழர்களே, நாம் சொல்வது இதுதான். ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் தோட்டத்து மூத்த பால்வெட்டுத் தொழிலாளர்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்யட்டும். பழைய புகைப்படங்களைச் சேர்த்து, யார், எந்த ஆண்டு என்று பின்புறம் எழுதி வைக்கட்டும். பிறகு, தொலைக்காட்சி நிலையத்திற்குக் கடிதம் எழுதட்டும். குறை மட்டும் எழுத வேண்டாம். நல்ல நிகழ்ச்சி வந்தால் பாராட்டியும் எழுத வேண்டும். "உங்களுக்கு வேண்டிய மனிதர்களும் விவரங்களும் எங்களிடம் இருக்கின்றன, வந்து கேளுங்கள்" என்று எழுத வேண்டும்.

தொலைக்காட்சி நிலையத்தாரிடம் நம் கோரிக்கை ஒன்றே. வரும் தொழிலாளர் தினத்தன்று, இரவு எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை, ரப்பர் தொழிலாளியின் வாழ்க்கையைப் பற்றிய ஒரு விவரணப் படத்தை ஒளிபரப்புங்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு மணி நேரம்! கத்தியை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுக்க எங்கள் பாட்டி தயாராக இருக்கிறார். படம் எடுக்க வருகிறவர்கள் விடியுமுன் வந்துவிட வேண்டும் என்பது மட்டுமே அவர் போடும் நிபந்தனை.