பத்து விநாடி விதி

மெய்நிகர் விளையாட்டுக்குள் மனிதர்கள் அகப்பட்டுக்கொள்ளும் கதைகள் ஜப்பானிய அனிமேயில் இன்று தனிக் கிளையாகவே தழைத்துவிட்டன. அக்கிளைக்கு உலகெங்கும் பார்வையாளர்களைச் சேர்த்துத் தந்த ‘ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்’ தொடரை ஒரு சாரார் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதும் மறு சாரார் அடியோடு தூற்றுவதும் 2012 முதல் வழக்கமாகவே இருந்து வருகிறது. தான் வகுத்த விதிக்குத் தானே கட்டுப்படும் இடங்களில் இத்தொடர் உயர்ந்து நிற்பதையும், நாயகனுக்காக அவ்விதியை வளைக்கும் இடங்களில் சரிந்து விழுவதையும் இரு சாராருமே போதிய அளவு கருதிப் பார்ப்பதில்லை.

ரெக்கி கவஹாரா 2002இல் ஓர் இலக்கியப் பரிசுப் போட்டிக்காக எழுதி, பக்க வரம்பு மீறிப்போனதால் இணையத்தில் வெளியிட்ட இக்கதை, 2009இல் ‘லைட் நாவல்’ எனப்படும், இளைஞர்களுக்காகப் படங்களோடு வெளிவரும் சிறு நாவல் வரிசையில் அச்சேறியது. டொமொஹிக்கோ இட்டோவின் இயக்கத்தில் 25 பகுதிகளாக அது அனிமே வடிவம் பெற்றது. ‘நெர்வ்கியர்’ என்னும் தலைக்கவசத்தை அணிந்து, 100 தளங்கள் கொண்ட ‘ஐன்கிராட்’ என்னும் மிதக்கும் கோட்டைக்குள் நுழைந்த 10,000 பேர், வெளியேறும் பொத்தான் அகற்றப்பட்டிருப்பதை முதல் நாளிலேயே அறிகின்றனர். அவர்களின் உயிர்ப்புள்ளி, அதாவது விளையாட்டில் எஞ்சியிருக்கும் உயிரின் அளவு, தீர்ந்துபோனால் கவசத்தின் நுண்ணலை அவர்களின் மெய்யான மூளையையும் கருக்கிவிடும்.

இவ்விதியின் முழுக் கனமும் மூன்றாம் பகுதியில்தான் இறங்குகிறது. தன் உண்மையான திறன்நிலையை மறைத்து ஒரு சிறு குழுவில் சேரும் நாயகன் கிரிட்டோ, 27ஆம் தளத்துப் புதையல் அறையில் அக்குழுவினர் பொறியில் சிக்கி மடிவதையும், அவர்களுள் சாச்சி என்னும் அச்சம் மிகுந்த பெண் கைக்கெட்டும் தொலைவில் சிதறி மறைவதையும் காண்கிறான். பின்னர், இறந்தோரை மீட்கும் பொருள் ஒன்று கிறிஸ்துமஸ் இரவில் தோன்றும் அரக்கனிடம் இருப்பதாகக் கேள்வியுற்று, உயிரைப் பணயம் வைத்துத் தனியாகப் பொருதி அதைக் கைப்பற்றுகிறான். இறந்த பத்து விநாடிகளுக்குள் பயன்படுத்தினால் மட்டுமே அது பலிக்கும் என்பதை அதன் விளக்கக் குறிப்பில் படித்துவிட்டு, நண்பனிடமே அதை எறிந்துவிட்டுப் போகிறான். அறைக்குத் திரும்பியவனை எட்டுவது, சாச்சி முன்கூட்டியே பதிந்து வைத்திருந்த குரல்தான். விளையாட்டுகளில் எவரும் மேலோட்டமாகப் பார்த்துக் கடக்கும் ஒற்றை வரிக் குறிப்பைக் கொண்டே துயரத்தைக் கட்டி எழுப்பிய இப்பகுதி, இத்தொடரின் ஆற்றலுக்குப் போதிய சான்றாகும்.

அத்தகைய தொடர் பதினான்காம் பகுதியில் தன் அடித்தளத்தையே பெயர்த்தெறிகிறது. உயிர்ப்புள்ளி தீர்ந்து உடல் சிதறத் தொடங்கிய கிரிட்டோ, மன உறுதி ஒன்றாலேயே நிலைத்து நின்று, விளையாட்டைப் படைத்த கயாபாவைக் குத்தி வீழ்த்துகிறான். சாச்சிக்கு மறுக்கப்பட்ட சலுகை நாயகனுக்கு மட்டும் எவ்வாறு வாய்த்தது என்ற வினாவுக்குக் கதைக்குள் விடை இல்லை. அடுத்து வரும் தேவதை உலகப் பகுதியில் நிலைமை இன்னும் மோசமாகிறது. எதிரியை வீழ்த்துவதற்கு நாயகனின் வாள்திறன் உதவவில்லை, கயாபாவின் கணக்கு வழியாகக் கிடைத்த நிருவாக அதிகாரமே உதவுகிறது. அதுவரை போர்முனையில் படைகளை வழிநடத்திய நாயகி அசுனாவைப் பறவைக் கூண்டில் அடைத்து, வில்லனின் பாலியல் வன்முறைக்கு இரையாகும் காட்சிப்பொருளாக்கியது இத்தொடரின் மன்னிக்கத்தகாத பிழை. ஐன்கிராட்டின் ஆண்டுக்கணக்கான சிறைவாசம் பதினான்கு பகுதிகளுக்குள் தாவித் தாவி ஓடுவதற்குக் கதையின் பிறப்பும் ஒரு காரணமாகும். போட்டிக்காக 75ஆம் தளத்திலேயே முடிக்கப்பட்ட கதையின் இடைவெளிகள் பின்னர் எழுதிய கிளைக்கதைகளைக் கொண்டு நிரப்பப்பட்டவை.

2013இல் வெளிவந்த ‘லாக் ஹொரைசன்’ இதே களத்தில் நேர்மாறான வழியை மேற்கொண்டது. அங்கே பட்டியலைத் தட்டி உருவாக்கும் உணவு எதிலும் சுவை இல்லை. சமையல் திறன் பெற்ற ஒருவர் தம் கையால் அரிந்து வேகவைத்தால் மட்டுமே ருசி பிறக்கிறது. இந்த ஒரு கண்டுபிடிப்பிலிருந்தே வணிகமும் நகர அரசும் முளைப்பதை அத்தொடர் பொறுமையாகக் காட்டுகிறது. அதில் மெய்சிலிர்க்கும் போர்க் காட்சிகள் குறைவு, ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைனுக்கு வாய்த்த யுகி கஜியுராவின் இசையும் இல்லை. எனினும் அதன் உலகில் ஒருவர் குடியிருக்க முடியும்.

ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன் மீண்டும் தலைநிமிர்வது 2014இல் வந்த இரண்டாம் பருவத்தின் இறுதிப் பகுதிகளில். பல குழுக்கள் சேர்ந்து தளத்தின் தலைமை அரக்கனை வென்றால் குழுத் தலைவர்களின் பெயர்கள் மட்டுமே நினைவுக் கல்லில் பொறிக்கப்படும், ஒரே குழுவாக வென்றால் அனைவர் பெயரும் இடம்பெறும் என்ற விதியே அக்கதையின் அச்சாணி. யூகி என்னும் சிறுமியும் தோழர்களும் ஏன் ஒரே குழுவாகவே வெல்லத் துடிக்கின்றனர் என்பது, பிறப்பின்போது ஏற்றிய இரத்தத்தால் எய்ட்ஸ் நோய்க்கு ஆளான அவள் மருத்துவமனையில் ஒரு கருவியோடு பிணைக்கப்பட்டிருப்பது தெரியவரும்போது விளங்குகிறது. அவளைக் காப்பாற்றும் அதிகாரம் எந்தக் கணக்கிலும் இல்லை. கிரிட்டோவும் இங்கே ஒதுங்கி நிற்கிறான். கல்லில் ஏழு பெயர்கள் ஏறுகின்றன, அவ்வளவே.

தாவிச் சென்ற தளங்களின் குறையைக் கவஹாராவும் உணர்ந்திருக்க வேண்டும். 2012 முதல் ‘புரொகிரெசிவ்’ என்ற வரிசையில் ஐன்கிராட்டை முதல் தளத்திலிருந்து அவர் மீண்டும் எழுதி வருகிறார். 2021இல் எட்டாம் நூல் வந்தபோது கதை ஏழாம் தளத்தில் இருந்தது.