கோசும் கொரியாவும்

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்! அரசாங்க ஏட்டிலே அதற்குக் குபேர் அங்காடி என்று பெயர். ஊரார் நாவிலே என்றைக்கும் அது பெரிய மார்க்கெட்தான். பலகை எழுதுவது ஆட்சி. பெயர் வைப்பது மக்கள்! காலை வேளையில் நேரு வீதி வழியாக உள்ளே நுழைந்தால், மீன் கூடைக்கும் பூக் கூடைக்கும் நடுவே தோள் உரசாமல் நடக்க முடியாது. அங்கேதான் அண்மையில் இந்த உரையாடல் காதில் விழுந்தது.

"நல்ல கோசா நாலு குடுங்கக்கா."

"நாலா? வீட்ல விசேஷமா பாப்பா?"

"இல்லக்கா, கிம்ச்சி போடப் போறேன். கொரியாக்காரங்க ஊறுகாய்."

"ஊறுகாய் போடக் கொரியாவுக்கா போகணும்? நல்லா இருக்குதே கதை!"

கடைக்கார அம்மையார் சிரித்தார். கல்லூரி மாணவியும் சிரித்தார். கேட்டுக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்போடு விட்டுவிடும் செய்தியா இது?

"கொரிய நாடகம் பார்க்கிறார்கள், கொரியப் பாட்டுக்கு ஆடுகிறார்கள், கெட்டது நாடு!" என்று சீறுகிறார்கள் சிலர். நான் சீறமாட்டேன். கடல் கடந்து வாணிபம் செய்த இனம், கதவை அடைத்துக்கொண்டு உட்காரலாமா? நான் கேட்பது வேறு. கொரியாவை ரசிக்கிறாயே தங்கையே, முழுக் கொரியாவையும் அறிந்து ரசிக்கிறாயா?

முதலில் உணவு. கோசை உப்பிலே ஊறவைத்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பிட்டுப் புளிக்கவைத்த இறால் அல்லது மீன் சேர்த்துப் பிசைந்து புளிக்க விடுவது கிம்ச்சி. குளிர்காலம் பிறக்கும் முன்னே உறவினரும் அண்டை வீட்டாரும் கூடி, மாதக் கணக்குக்கு வேண்டியதைச் செய்து பகிர்ந்துகொள்வார்கள். 'கிம்ஜாங்' என்னும் அந்தக் கூட்டுழைப்பை 2013இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. கருவாடும் பழைய சோறும் அறிந்த நமக்கு உப்பும் புளிப்பும் புதிதல்ல. மிளகாயோ, அவர்களுக்கும் அயல், நமக்கும் அயல். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இரு நாட்டு அடுப்பிலும் குடியேறிய விருந்தாளி அது!

அடுத்து மொழி. அவர்களும் அப்பாவை 'அப்பா' என்கிறார்கள். அம்மாவை 'ஒம்மா' என்கிறார்கள். வினைச்சொல் நம் மொழிபோல் கடைசியில்தான் வரும். பெரியவரிடம் பேசும்போது வினையிலேயே மரியாதை ஏறும். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் நூறாண்டுக்கு முன்பே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். இதைக் கண்டதும், "பார்த்தீர்களா, தமிழன்தான் கொரியன்!" என்று துள்ளுவோர் உண்டு. மொழியியலார் அந்த உறவை ஏற்கவில்லை. பகுத்தறிவு பேசும் நாம் ஆதாரமில்லாத பெருமையை அணிந்துகொள்ளலாமா? உறவு வேண்டாம், பாடம் போதும்.

என்ன பாடம்? கொரியாவில் ஒரு காலத்தில் சீன எழுத்தே எழுத்து. ஆயிரக்கணக்கான வடிவங்களைக் கற்ற மேட்டுக்குடிக்கு அறிவு, ஏருழுபவனுக்கு இருட்டு! செஜோங் என்ற மன்னர் 1443இல் 28 எழுத்துக்களை உருவாக்கினார். 1446இல் நாட்டுக்கு அளித்தார். ஒலிக்கும்போது நாக்கும் உதடும் நிற்கும் கோலமே அடிப்படை மெய்யெழுத்தின் கோலம். பாமரனும் சில நாளில் படிக்கலாம். மகிழ்ந்தார்களா பண்டிதர்கள்? சோய் மன்-ரி என்ற அரசவை அறிஞர் 1444இல் எதிர்த்து மனுக் கொடுத்தார். சீன எழுத்தை விட்டுத் தனி எழுத்து வைத்துக்கொள்வது காட்டுமிராண்டிகளின் செயலாம்! இந்தக் குரலை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா?

1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆதிக்கம். பள்ளியிலே கொரிய மொழிக்குப் பூட்டு. பெயரைக்கூட ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள நெருக்கடி. அகராதி தொகுத்த குற்றத்துக்காகக் கொரிய மொழிக் கழகத்தார் 1942இல் கைதானார்கள். இருவர் சிறையிலேயே மாண்டார்கள். 1939இல் சென்னைச் சிறைவாசத்தில் நடராசனையும் தாளமுத்துவையும் பறிகொடுத்த நமக்கு அந்தத் துயரை விளக்க வேண்டுமா? பறிபோன அகராதிக் கையெழுத்துப்படி, விடுதலைக்குப் பின் 1945 செப்டம்பரில் சோல் ரயில் நிலையக் கிடங்கில் கிடைத்தது. 1947இல் முதல் தொகுதி அச்சேறியது. அந்த மொழியில் எழுதிய ஹான் காங் 2024இல் நோபல் பரிசு பெற்றார். அந்த மொழியில் பேசிய 'பாரசைட்' 2020இல் ஆஸ்கரின் முதல் பரிசைத் தட்டிச் சென்றது. தாய்மொழியைத் தள்ளிவிட்டா உலகை வென்றார்கள்? தாங்கிக்கொண்டு வென்றார்கள்!

கதை இத்தோடு முடியவில்லை. சோல் நகரின் விளக்குகளை நாடகத்தில் பார்க்கிறோம். அந்த நகரிலும் நம் பெரிய மார்க்கெட்டைப் போல 1905இல் தோன்றிய குவாங்ஜாங் சந்தை உண்டு. அரிசிப் பலகாரமும் பயற்றம் அடையும் அங்கே சூடாகக் கிடைக்கும். அந்த வட்டாரத்திலேயே அமைதிச் சந்தை என்று இன்னொன்று. பெயரில்தான் அமைதி! தாழ்ந்த கூரையின் கீழே, சிறுமிகள் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் துணி தைத்தார்கள். அவர்களுக்காகக் குரல் கொடுத்தார் ஜோன் தே-இல் என்ற தையல் தொழிலாளி. தொழிலாளர் சட்டப் புத்தகத்தைத் தேடி வாங்கினார். புரட்டினார், பக்கமெல்லாம் சீன எழுத்து! தனக்கான சட்டம் தனக்கே புரியவில்லை. படித்துச் சொல்லக் கல்லூரி நண்பன் ஒருவன் இல்லையே என்று ஏங்கினார். மனுக்கள் பயனற்றுப் போக, 1970 நவம்பர் 13இல், 22 வயதில், அந்தச் சந்தையின் வாசலில் தீக்குளித்து மாண்டார். உயிரை மாய்ப்பது வழியல்ல. வாழ்ந்து போராடுவதே வழி. ஆனால் அந்த மரணம் கொரியாவை உலுக்கியது. அதே மாதத்தில் அங்கே தையல் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

மக்கள் மொழி வேறு, மக்கள் உரிமை வேறு என்போரே, இப்போது சொல்லுங்கள்! எழுத்து எட்டாத இடத்தில் உரிமை எட்டுமா?

இது அயல்நாட்டுக் கதையும் அல்ல. 1936 ஜூலை 30இல், எட்டு மணி நேர வேலை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேரைப் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்குப் பலி கொடுத்த ஊர் புதுச்சேரி. 2024இல் சுங்குவார்சத்திரத்தில், கொரிய நிறுவனமான சாம்சங்கின் ஆலையிலே தமிழ்த் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலையான கோரிக்கை, சங்கத்துக்கு அங்கீகாரம். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. சங்கம் கூடாதென்ற கொள்கைக்கு இனி இடமில்லை என்று சாம்சங்கின் லீ ஜே-யோங் 2020 மே மாதத்திலேயே கொரிய மண்ணில் அறிவித்திருந்தார். அங்கே பெற்ற நீதி, இங்கே வர ஏன் அத்தனை நாள்?

ஆகவே தங்கையே, கிம்ச்சி போடு, பாட்டைக் கேள், கொரியமும் படி. எழுத்தைக் காத்த செஜோங்கையும் ஏழைக்காக மாண்ட தே-இல்லையும் சேர்த்துப் படி. படித்ததைத் தமிழிலே எழுது. கோசு கொடுத்த அந்த அக்காவுக்கும் புரியும்படி எழுது!