உறைக்குள் இருந்த வழி

1990களில் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்துக்குப் போனவர்களிடம் 'பிரின்ஸ்' என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். வெள்ளை உடையில் வெறுங்காலோடு ஓடும் இளவரசன், தரையிலிருந்து சட்டென்று கிளம்பும் முட்கள், காலடியில் உதிரும் கற்பலகைகள் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். பாடம் நடத்த வாங்கிய கம்ப்யூட்டர்களில் பாடத்தைவிட அதிகம் ஓடியது 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'தான் என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர் உருவாக்கிய விளையாட்டு இது. 1989-ல் ஆப்பிள் II கம்ப்யூட்டருக்காக வெளிவந்து, 1990-ல் டாஸ் கம்ப்யூட்டர்களுக்கும் வந்தது. கதை எளிமையானது. கொடிய மந்திரி ஜாஃபர் இளவரசிக்கு 60 நிமிடம் கெடு வைக்கிறான். அதற்குள் பாதாளச் சிறையிலிருந்து கிளம்பி, 12 கட்டங்களைத் தாண்டி, அவளை மீட்க வேண்டும். நிஜ கடிகாரத்தின் 60 நிமிடம்தான். இளவரசன் செத்துப் பிழைத்தாலும் கடிகாரம் நிற்பதில்லை.

நான்காவது கட்டத்தில் ஒரு கண்ணாடி வழியை மறிக்கும். ஓடிவந்து அதற்குள் பாய வேண்டும். பாய்ந்ததும் எதிர்ப்பக்கமாக இளவரசனின் நிழல் ஒன்று பிரிந்து ஓடிவிடும். அதற்குப் பிறகு அது நம் எதிரி. அடுத்த கட்டத்தில் நாம் குடிக்க வேண்டிய மருந்தை அது முந்திக் குடித்துவிட்டுப் போகும். இந்த நிழல் பிறந்ததே இடநெருக்கடியில்தான். ஆப்பிள் II-வின் நினைவகத்தில் புதிய எதிரிக்கு வேண்டிய படங்களை வைக்க இடமில்லை. இளவரசனின் படத்தையே சற்று நகர்த்தி, அதே படத்தின் மீது கணக்குப் போட்டு இன்னோர் ஆளை உண்டாக்கினார் மெக்னர்.

கடைசிக் கட்டத்தில் அந்த நிழல் வாளோடு எதிரே வந்து நிற்கும். நாங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான். அதை வெட்டினால் ரத்தம் போவது நமக்கு. அது வெட்டினாலும் நமக்குத்தான். அதைக் கொன்றால் நாமும் விழுந்து சாகிறோம். தாண்டிப் போகலாம் என்றால் வழி விடாது. கம்ப்யூட்டருக்கு மணிக்கணக்கில் காசு வாங்கிய காலம். நாலைந்து பேர் முறைபோட்டு இரண்டு வாரம் விளையாடினோம். ஒருவராலும் முடியவில்லை.

எங்களோடு ஒரு பொடியன் வருவான். நிலையத்தில் படித்த ஒருவரின் தம்பி. அவனுக்கு யாரும் கீபோர்டைக் கொடுத்ததில்லை. பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பான். ஒருநாள் அவன்தான் கேட்டான்: "அண்ணா, வாளை உள்ளே வைக்க முடியாதா?"

சிரித்தோம். சிரித்துவிட்டுக் கீழ் அம்பை அழுத்தினோம். இளவரசன் வாளை உறையில் போட்டான். நிழலும் போட்டது. இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். ஒன்றாகக் கலந்தார்கள். அவ்வளவுதான், வழி திறந்துவிட்டது.

புதிதாக எந்தச் சக்தியும் எங்களுக்குக் கிடைத்துவிடவில்லை. முதல் கட்டத்தில் வாள் கைக்கு வந்த நிமிடத்திலிருந்தே அந்தச் சாவி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கடைசிவரை எங்கள் கண்ணில் அது ஏன் படவில்லை? காரணம் இருக்கிறது. மற்ற காவலாளிகளுக்கு முன்னால் வாளில்லாமல் நின்றால் ஒரே வெட்டில் உயிர் போய்விடும். 11 கட்டங்கள் எங்களுக்கு ஒரே பாடத்தைத்தான் நடத்தியிருந்தன: எதிரியைக் கண்டால் வாளை எடு. பாடத்தை நன்றாகப் படித்துவிட்டோம். அதனால்தான் பன்னிரண்டாவதில் தோற்றோம்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்களிடம் இருந்தது கைமாறிக் கைமாறி வந்த ஃப்ளாப்பி. புத்தகம் கிடையாது. திருட்டு நகலைத் தடுக்கவே டாஸ் பதிப்பில் முதல் கட்டத்துக்குப் பிறகு ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். கையேட்டின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல் என்று கேட்கும். அதன் முதல் எழுத்துக்குரிய குப்பியைத்தான் குடிக்க வேண்டும். ஊர் சுற்றிய நகல்களில் அந்தப் பூட்டை உடைத்திருந்தார்கள். புத்தகம் இல்லாமலேயே விளையாட முடிந்தது. மூன்றாவது கட்டம் முதல் கண்ட்ரோலையும் ஜி-யையும் சேர்த்து அழுத்தினால் ஆட்டத்தைச் சேமித்துவைக்கலாம் என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை. தினமும் பாதாளச் சிறையிலிருந்தே தொடங்கினோம். இப்போது நினைத்தால் அந்தக் காசுக்காக வயிறு எரிகிறது.

வீட்டு டிவியில் செருகி விளையாடிய கேசட்டுகளின் கதையும் இதேதான். நின்டெண்டோவின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 1985-ல் வந்தது. 8 உலகங்கள், ஒவ்வொன்றிலும் 4 கட்டங்கள். உயிரெல்லாம் தீர்ந்தால் மறுபடி முதல் உலகம்தான் என்று கண்ணீர்விட்ட குழந்தைகள் எத்தனையோ. தொடக்கத் திரையில் ஏ பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட்டைத் தட்டினால், செத்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்தே தொடரலாம். நூறு ஆட்டம் அடைத்த நகல் கேசட்டில் இதைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்ததில்லை.

சரி, எல்லாவற்றுக்கும் புத்தகம் இல்லாததுதான் காரணமா? அப்படியும் சொல்ல முடியாது. 1992-ல் விண்டோஸ் 3.1-உடன் வந்த 'மைன்ஸ்வீப்பர்' ஆடாத ஆபீஸ் ஏது? ஓர் எண்ணைச் சுற்றித் தேவையான கொடிகளை நட்டுவிட்டு, அந்த எண்ணின் மேல் மவுஸின் இரு பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் மிச்சக் கட்டங்கள் தானே திறக்கும். விளக்கம் கம்ப்யூட்டருக்குள்ளேயே, ஒரு சாவி தூரத்தில் இருந்தது. நான் எட்டு ஆண்டுகள் ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டினால் திறந்தது. எனவே தேடவில்லை. ஒரு வேலையை எப்படியோ முடிக்கத் தெரிந்துவிட்டால், அதற்குமேல் கற்றுக்கொள்ள மனசு வருவதில்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் புத்தகம் இல்லாததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. தேடாதது அவரவர் சோம்பல். சொல்லப்படாதது அப்படியல்ல. பொருள் மட்டும் வந்து சேர்ந்து விளக்கம் வராமல் போனால், அல்லது படிக்கத் தெரியாத மொழியில் வந்தால், நஷ்டப்படுகிறவர் தனக்கு நஷ்டம் என்றே அறியமாட்டார். தனக்குத் திறமை போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

கடைசியாக ஒரு குத்துச்சண்டை. 1987-ல் நின்டெண்டோவுக்கு வந்த 'மைக் டைசன்ஸ் பஞ்ச் அவுட்' விளையாட்டில், பிஸ்டன் ஹோண்டா என்ற எதிராளியோடு இரண்டாம் முறை மோதும்போது, எந்த நொடியில் குத்தினால் அவன் சாய்வான் என்பதற்கு ஒரு சைகை இருக்கிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர் ஒருவர் சரியாக அந்த நொடியில் அசைவார். இது வெளியே தெரியவந்தது 2016-ல். 29 ஆண்டுகள் ஆகிவிட்டன. இத்தனைக்கும் அவர் எங்கும் ஒளிந்துகொள்ளவில்லை. திரையிலேயேதான் இருந்தார். ஆடியவர்களின் கண் எதிராளியின் கையுறையைவிட்டு நகரவில்லை.

சண்டையில் இருப்பவருக்கு வாள்தான் தெரியும். வேடிக்கை பார்ப்பவருக்கு உறையும் தெரிகிறது. எங்கள் பொடியனுக்குத் தெரிந்ததும் அப்படித்தான். அவன் அன்று கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வாரம் போயிருக்கும். வழி கிடைத்த பிறகும் கீபோர்டை அவனிடம் கொடுத்தோமா என்று யோசித்துப் பார்க்கிறேன். கொடுக்கவில்லை.