சில்லு மடங்க முன்னர்

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பத்துக்கு நிலத்துக்கு அடுத்தபடியாகத் தேவையானது, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழி. பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்துச் செய்த வெங்காயமும் கத்தரியும் தரகரின் லொறி வரும்வரை வரம்பில் கிடந்தால், விலையைத் தரகரே தீர்மானிப்பார். ஆகவே நாலைந்து குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து பழைய பிக்கப் ஒன்றை வாங்கி ஓடுவதை நாம் மனதார வரவேற்கிறோம்.

ஆனால் வாங்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? எஞ்சின் எப்படி, ரயர் எப்படி, பெயின்ற் எப்படி என்று கேட்கிறோம். முன்சில்லுகளைப் பிடித்து நிற்கும் கிங் பின் எப்படி என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்பது எம் முன்னோர் வாக்கு. வாகனத்துக்கும் அது பொருந்தும். பழைய வண்டியில் எத்தனையோ இடங்களில் ஒட்டுப்போட்டு ஓடலாம். பிரேக்கிலும் கிங் பின்னிலும் ஒட்டுப்போடக் கூடாது. இதுவே எமது உறுதியான கருத்து.

மொறிஸ் மைனர் பிக்கப்பை உதாரணமாகக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் பிக்கப் 1953இல் வந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது, எல்லா வகைகளுமாக 16 இலட்சத்துக்கும் அதிகமான மைனர்கள் செய்யப்பட்டிருந்தன. எளிமையான, உறுதியான வாகனம். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. அது முன்சில்லில் இருக்கிறது.

மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றும் செங்குத்தான ஓர் உருக்குத் தண்டோடு சேர்ந்து திரும்புகிறது. அதுதான் கிங் பின். அதன் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் மரை வெட்டப்பட்டிருக்கிறது. அந்த மரைகளில், போல்ற்றில் நட்டு ஏறியதுபோல, ட்ரனியன் எனப்படும் துண்டுகள் பொருந்தியிருக்கின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் மரையோடு மரை உராய்கிறது. வண்டியின் முன்பாரத்தைத் தாங்கும் கீழ்க்கை, கீழ் ட்ரனியனை ஓயாமல் கீழ்நோக்கி இழுக்கிறது. அது கழன்றுவிடாமல் தடுத்து நிற்பவை சில மரைப் பற்கள் மாத்திரமே. கிறீஸ் வற்றி, மணலும் சேற்று நீரும் புகுந்தால் அந்தப் பற்கள் தேயும். தேய்ந்து முடிந்த நாளில் ட்ரனியன் கழன்று, சில்லு மடங்கி, வண்டியின் மூக்கு நிலத்தில் குத்தும். பெரும்பாலும் மெதுவாக வளைத்துத் திருப்பும்போதே இது நடக்கிறது. வேகமாக ஓடும்போது நடக்காது என்பதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது. பின்தட்டில் மூடைகளுக்கு மேல் தாய்மாரும் பிள்ளைகளும் இருந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒட்டுப்போடும் பழக்கம் எமக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின்னர், பொருளாதாரத் தடையால் எரிபொருளும் பற்றரியும் சீமெந்தும் வாகன உதிரிப்பாகங்களும் வடக்குக்கு வரவில்லை. அக்காலத்தில் எம் மெக்கானிக்குகள் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் பெயர்ந்தபோதும், 2002இல் ஏ9 வீதி திறக்கும்வரையும், நடக்கமாட்டாத எத்தனையோ பேருக்குக் காலாக இருந்தவை அந்த வாகனங்களே. இங்கே ஒரு முரணும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயர், அதே 1990களில் மைனருக்கான பாகங்களை இலங்கையின் தெற்கிலே செய்வித்தார். இந்நாட்டில் செய்த பாகம் கடல் கடந்து போனது. வடக்கே வர அதற்கு வழி இருக்கவில்லை.

அந்த ஒட்டு வேலை அன்று ஒரு கெட்டித்தனம். வேறு வழி இல்லாதவர்களின் கெட்டித்தனம். இன்று பாதை திறந்திருக்கிறது. பாகம் வாங்கக் கூடியதாக இருக்கும்போதும் தேய்ந்த மரைக்குத் தகடு வைப்பதும், வெல்டிங்கால் நிரப்பிக் கடைவதும் சிக்கனம் ஆகாது. வெல்டிங் சூட்டில் உருக்கின் குணம் மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே உண்டாகலாம். வெளியே புதிதுபோல் தோன்றும் அந்தப் பின் எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

சோதிப்பது கடினமல்ல. வண்டியின் முன்பக்கத்தை ஜக்கால் உயர்த்தி, கட்டைகளில் உறுதியாக நிறுத்துங்கள். சில்லின் உச்சியிலும் அடியிலும் பிடித்து மாறி மாறி ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் குறை சில்லின் பெயாரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னிலோ ட்ரனியனிலோ அவற்றின் றப்பர் புஷ்களிலோ தேய்மானம் உண்டு.

மாற்றும்போது நான்கு விடயங்களை உங்கள் மெக்கானிக்கிடம் வற்புறுத்துங்கள். முதலாவது, ஒரு பக்கத்தில் தேய்ந்திருந்தால் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே பாதையில் ஓடியவை. இடது பின்னும் வலது பின்னும் ஒன்றல்ல. ஒன்றை மற்றதன் இடத்தில் பூட்ட முடியாது. இரண்டாவது, பின்னோடு ட்ரனியனையும் மாற்றுங்கள். தேய்ந்த மரையில் புதிய மரையை ஏற்றினால் புதியதும் விரைவில் கெடும். மூன்றாவது, கீழ்க்கை முறுக்குக் கம்பியின் விசையில் இருக்கிறது. அதை ஜக்கால் தாங்காமல் கழற்றினால் கையோ காலோ முறியும். நான்காவது, பூட்டி முடிந்ததும் ஸ்டியரிங் இரு பக்கமும் முழுமையாக, இறுக்கமின்றித் திரும்புகிறதா என்று பார்த்து, பின்னர் முன்சில்லுகளின் நேரையும் சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவு செலவுக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரவல் கூரையின் கீழ் இருப்பவரிடம் உதிரிப்பாகத்துக்குப் பணம் கேட்பது எளிதல்ல என்பதை நாம் அறிவோம். ஆனால் கிங் பின்னைத் தின்பது ஓட்டமல்ல, கிறீஸ் இல்லாத ஓட்டம். இரு பக்கமும், மேலும் கீழுமாக, நான்கு நிப்பிள்கள் உண்டு. ஏறத்தாழ 1,600 கி.மீ. ஓட்டத்துக்கு ஒருமுறை, சில்லை நிலத்திலிருந்து உயர்த்திய நிலையில், பழைய கிறீஸ் வெளியே வரும்வரை புதியதை அடிக்க வேண்டும். மாரியில் வெள்ளத்துக்குள் இறக்கி ஓடினால் அதற்கு முன்னரே அடிக்க வேண்டும். ஒரு கிறீஸ் கண்ணைச் சங்கமே வாங்கி வைக்கலாம். ஒவ்வொரு சந்தைப் பயணத்திலும் ஒரு சிறு தொகையை வண்டியின் பெயரில் ஒதுக்கினால், பாகம் தேவைப்படும் நாளில் வட்டிக்காரரிடம் போக வேண்டியதில்லை.

பாரத்திலும் அளவு வேண்டும். மைனர் பிக்கப் முதலில் 5 அந்தர் பாரத்துக்கே செய்யப்பட்டது. அது ஏறத்தாழ 250 கிலோ. 1968இல் வந்த வகைக்கே 8 அந்தர், அதாவது ஏறத்தாழ 400 கிலோ. 50 கிலோ வெங்காய மூடை என்றால் முதலாவதில் ஐந்து, மற்றதில் எட்டு. மூடைகளின் பாரம் பெரும்பாலும் பின் அச்சில்தான் ஏறுகிறது. ஆயினும் நிறைந்த வண்டி கிடங்கில் விழும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அடி முன்சில்லுக்கும் வருகிறது.

உதவி வழங்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. வாகனம் கொடுக்கும் நாளில் படம் எடுக்கலாம். கிறீஸ் அடிக்கும் நாளில் எவரும் படம் எடுப்பதில்லை. ஆயினும் கொடுத்த வாகனம் பத்து வருடம் நிலைப்பதும் இரண்டு வருடத்தில் வேலியோரம் துருப்பிடிப்பதும் அந்த நாளில்தான் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு வாகனத்தோடும் ஒரு கிறீஸ் கண், நல்ல ஜக் ஒன்று, அந்தக் கிராமத்து இளைஞர் இருவருக்கு ஒரு மூத்த மெக்கானிக்கிடம் சில மாதப் பயிற்சி ஆகியவற்றையும் கொடுங்கள். தடைக்காலத்தில் வண்டிகளை ஓட வைத்த தலைமுறை மூப்படைந்து வருகிறது. அவர்களது கைப்பழக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பலமுறை பெயர்ந்த குடும்பங்களுக்கு, எப்படியாவது இன்றைய பொழுதைக் கடத்தினால் போதும் என்ற எண்ணம் வருவது இயல்பு. அந்த எண்ணத்தோடு ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது. அடுத்த வெங்காயப் பருவம் தொடங்க முன்னர் உங்கள் வண்டியை ஜக்கில் ஏற்றி, முன்சில்லைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், பாகம் வந்து சேரும்வரை வண்டி நிற்கட்டும்.