கிளீனருக்கு பேட்டா, விமானிக்கு பில்

நாமக்கல் பக்கம் ஒரு வீட்டின் மாடி அறையில், சுவர் நிறைய ஏ320 விமானத்தின் காக்பிட் ஒட்டியிருக்கிறது. ஃபிளெக்ஸில் அச்சடித்த படம். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த வீட்டுப் பையன் காலையில் பல் தேய்த்ததும் அதில் போய் உட்காருகிறான். எந்த சுவிட்சுக்குப் பிறகு எந்த சுவிட்ச் என்று வாய்விட்டுச் சொல்லியபடி படத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பழகுகிறான். தொடும் இடங்களில் மட்டும் மை மங்கியிருக்கிறது. வணிக விமானி உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டது. வேலை கிடைக்க வேண்டுமானால் இன்னொரு பெரிய தொகை கட்ட வேண்டுமாம்.

அவனுடைய அப்பா லாரி ஓனர். நான்கு வண்டியில் இரண்டை விற்றுத்தான் மகனைப் பறக்கவைத்தார். அவர் நம்மிடம் கேட்டது இது: “என்கிட்ட கிளீனரா வந்த பசங்க எத்தனை பேரு டிரைவராயிருக்காங்க தெரியுங்களா? பக்கத்துல உக்காரவெச்சு ஓட்டக் கத்துக்குடுத்து, பேட்டாவும் குடுத்துத்தானுங்க வெச்சிருந்தேன். வண்டி என்னுது, லோடு என்னுது. அப்பறம் பழக்கிவிடறது யாரு செலவுங்க?”

இந்தக் கேள்விக்கு விமான நிறுவனங்களும், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவும், அதற்கு மேலே இருக்கும் அமைச்சகமும் பதில் சொல்ல வேண்டும். இத்தனை வருடமும் வாய் திறக்கவில்லை என்பதே நம் முதல் குற்றச்சாட்டு.

விவரம் தெரியாதவர்களுக்காக: நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வானிலை, வழியறிதல், விதிமுறைகள், இயந்திர நுட்பம் என்று எழுத்துத் தேர்வுகள், ரேடியோ உரிமம், முதல் வகுப்பு மருத்துவச் சான்று எல்லாம் தனி. இதற்கே அரைக் கோடி ரூபாயை ஒட்டிச் செலவாகிறது. இதை மாணவன்தான் கொடுக்கிறான். அதில் நமக்கு வழக்கில்லை. அது படிப்புச் செலவு. ஆனால் அந்த உரிமத்தில் அவன் ஓட்டியது பெரும்பாலும் செஸ்னா போன்ற சிறு விமானம். 180 பேரை ஏற்றும் ஏர்பஸ்ஸோ போயிங்கோ ஓட்ட, அந்த ரக விமானத்துக்கென்றே தனிப் பயிற்சி வேண்டும். அதன் பெயர் டைப் ரேட்டிங். சில வாரம் வகுப்பு, பிறகு சிமுலேட்டர், பிறகு பயணிகள் இல்லாத விமானத்தில் சில முறை ஏறி இறங்குவது. இதற்கான பில், பத்து லட்சத்தைத் தாண்டி இருபதை நெருங்கியும் கடந்தும் போகிறது. உரிமத்திலிருந்து டைப் ரேட்டிங் வரை நிறுவனங்களே ஏற்பாடு செய்யும் கேடட் திட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்தால், மொத்தக் கணக்கு கோடியைத் தொடுகிறது.

டைப் ரேட்டிங் பொதுப் படிப்பு அல்ல. ஏ320-க்கு வாங்கியது ஏடிஆர் என்ற இன்னொரு ரக விமானத்துக்கு உதவாது. எந்த நிறுவனம் எந்த விமானத்தை வாங்கி வைத்திருக்கிறதோ, அதை ஓட்டத்தான் இந்தப் பயிற்சி. “டாக்டருக்குப் படிப்பவர் காசு கட்டவில்லையா?” என்று நிறுவனங்களின் சார்பில் வாதாடுகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கட்டும். எம்பிபிஎஸ்ஸுக்கு இணை, அந்த 200 மணி நேர உரிமம். அதற்குப் பிறகு கேட்கப்படும் காசு, “எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாக ஸ்கேன் மெஷின் வாங்கியிருக்கிறோம், அதை இயக்கக் கற்றுத்தருகிறோம், இருபது லட்சம் கட்டிவிட்டு வேலையில் சேருங்கள்” என்று டாக்டரிடம் சொல்வதைப் போன்றது. எந்த ஆஸ்பத்திரி முதலாளிக்கும் அப்படிக் கேட்க வாய் வராது.

ரயில்வே தன் உதவி லோகோ பைலட்டுகளுக்குப் பயிற்சிக் காலத்தில் பணம் கொடுத்துத்தான் கற்றுத்தருகிறது. விமானப் படை, பயிற்சியின் கடைசி ஓராண்டில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை தருகிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, பட்டறையில் வெல்டிங் பழகும் பையனுக்கே ஸ்டைபண்ட் உண்டு. இந்த ஒழுங்கு விமான நிலையத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் பழகிய வாடை ஒன்று அடிக்கும். உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் வேலைக்கு “டொனேஷன்” எவ்வளவு என்று நம் ஊர்த் திண்ணைகளில் பேசாதவர் இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் நடத்துநர், ஓட்டுநர் வேலைக்குக் காசு வாங்கியதாக எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. பஸ் வேலைக்குக் காசு வாங்கினார்கள் என்றால் ஊழல் வழக்கு. விமான வேலைக்கு வாங்கினால் அதற்கு வழவழப்பான காகிதத்தில் கையேடு, ரசீது, ஜிஎஸ்டி எண். முன்னது ஒளித்துச் செய்த குற்றம், பின்னது ஊரறியச் செய்யும் வியாபாரம் என்பது உண்மைதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை லாரியை விற்ற அப்பாவிடம் விளக்கிப் பாருங்கள்.

வெளிநாடுகளில் இதன் முற்றிய வடிவம் ஒன்று உண்டு. டைப் ரேட்டிங் முடித்த இளம் விமானி, அனுபவ மணி நேரம் சேர்ப்பதற்காக, பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்கார நிறுவனத்துக்கே பணம் கட்டுவார். பின்னால் இருப்பவர்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்க, முன்னால் இருப்பவரும் ஒருவகையில் டிக்கெட் வாங்கித்தான் உட்கார்ந்திருப்பார். ஐரோப்பிய விமானிகள் சங்கங்களின் கூட்டமைப்பு இதைத் தடைசெய்யச் சொல்லிப் பல ஆண்டுகளாகப் போராடுகிறது. நாங்கள் அப்படிச் செய்வதில்லையே என்று இங்குள்ள நிறுவனங்கள் சொல்லலாம். நோய் முற்றவில்லை என்பது மருந்து வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது.

2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 விமானம், இறங்க இருந்த நேரத்தில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் செத்தார்கள். வேகம் குறைகிறது என்று கருவி எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டிய கேப்டன் நேர்மாறாகக் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தார். அவர், துணை விமானி இருக்கைக்குப் பணம் கட்டிச் சேரும் ஒரு பயிற்சி நிலையத்தின் வழியாக வந்தவர். பல தேர்வுகளில் தோற்றவர். துணை விமானியான பெண்ணோ, சியாட்டில் பக்கத்துப் பெற்றோர் வீட்டிலிருந்து இரவெல்லாம் சரக்கு விமானத்தில் தொற்றிக்கொண்டு, கண்டத்தின் மறுகோடிக்கு வேலைக்கு வந்தவர். பணம் கட்டிச் சேர்ந்ததுதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணை சொல்லவில்லை. நாமும் சொல்ல மாட்டோம். ஆனால் திறமைக்கு முன்னால் பணத்தைப் பார்க்கும் வாசல், களைப்பைச் சுமந்தபடி உள்ளே வருபவர்கள் என்று எல்லாமே அந்தச் சின்ன காக்பிட்டில் அன்று இருந்தன.

அங்கே செத்தவர்களின் குடும்பங்கள் விடவில்லை. வாஷிங்டனுக்கு நடையாய் நடந்து 2010-இல் ஒரு சட்டத்தைக் கொண்டுவர வைத்தார்கள். 2013 முதல், துணை விமானியாகவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்றானது. அந்த எண்ணிக்கை சரியா என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஒன்று மட்டும் நடந்தது: ஆள் கிடைக்காமல் திண்டாடிய சிறு நிறுவனங்கள், சம்பளத்தை உயர்த்தி, சேருவதற்கு போனஸும் கொடுத்து, பயிற்சிச் செலவையும் தாங்களே ஏற்கத் தொடங்கின. காசுக்காக நீண்ட கை காசு கொடுக்கவும் நீளும். நீளவைக்க ஒரு விதி வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே என்ன நடந்தது? 2023-இல் டிஜிசிஏ 1,622 வணிக விமானி உரிமங்களை வழங்கி, இதுவரை இல்லாத எண்ணிக்கை என்று பெருமைப்பட்டுக்கொண்டது. அதே ஆண்டில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. இன்னும் ஆயிரக்கணக்கில் விமானிகள் வேண்டும் என்று அமைச்சர்கள் மேடைதோறும் சொன்னார்கள். அதை நம்பித்தான் பெற்றோர் நிலத்தையும் நகையையும் வைத்தார்கள். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினாலே வங்கி அடமானம் கேட்கும் நாட்டில், அடமானம் வைக்க ஏதாவது இருப்பவன் வீட்டுப் பிள்ளை மட்டும்தான் இந்த வரிசையில் நிற்கவே முடியும். தேர்வில் முதலாவதாக வந்த கூலித் தொழிலாளியின் மகளுக்கு இதில் இடமில்லை. அவளைவிடச் சுமாராக ஓட்டும், ஆனால் உடனே கட்டக்கூடிய ஒருவன் உள்ளே போகிறான். பயணிகளாகிய நமக்கு இதில் என்ன லாபம்?

பிறகு 2025 டிசம்பர் வந்தது. விமானிகளின் வார ஓய்வை 48 மணி நேரமாக்கி, இரவு நேரத் தரையிறக்கங்களைக் குறைக்கும் விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஒரு மாதத்தில், இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. கல்யாணத்துக்குப் போக வேண்டியவர்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். போதிய விமானிகளைத் திட்டமிட்டு வைக்கவில்லை என்பதுதான் அதன் சாரம். உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டிய படத்தைத் தொட்டுப் பழகுகிற பிள்ளைகள் ஒரு பக்கம்; ஓட்ட ஆளில்லாமல் நிற்கும் விமானங்கள் மறுபக்கம். நடுவே இருக்கும் மதகு, டைப் ரேட்டிங். அதற்குச் செலவு செய்யும் பொறுப்பு நிறுவனத்துடையதாக இருந்திருந்தால், தனக்கு எத்தனை பேர் வேண்டும் என்று அது முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கும். அடுத்தவன் காசில் நடக்கும் காரியத்துக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்?

டிஜிசிஏவிடம் இதைச் சொன்னால், நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் இடையிலான வணிக விஷயம் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். அப்படி ஒதுங்க அதற்கு முகாந்திரம் இல்லை. ஒரு கேப்டன் வேலையை விட வேண்டுமானால் ஓராண்டுக்கு முன்பே சொல்ல வேண்டும், துணை விமானி ஆறு மாதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்று 2017-இல் விதி போட்டது இதே டிஜிசிஏதான். அப்போது காட்டிய காரணம் பொதுநலன். விமானி வெளியே போகும் வாசலில் பூட்டு மாட்டப் பொதுநலன் உதவுமென்றால், உள்ளே வரும் வாசலில் நடக்கும் வசூலைத் தடுக்கவும் அது உதவும். 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ரேடியோ உரிமத் தேர்வைத் தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து டிஜிசிஏவுக்கு மாற்றவெல்லாம் அதில் இடம் இருந்தது. பறக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை போட்டார்கள். முதல் பட்டியலில் ஒரு பள்ளிகூட ஏ தரம் வாங்கவில்லை. பள்ளிகளைத் தட்டிக்கேட்கும் கை, நிறுவனங்களின் முன்னால் மட்டும் ஏன் கட்டிக்கொள்கிறது?

நிறுவனங்களின் தரப்பில் நியாயமான ஒரு கவலை உண்டு. பயிற்சி கொடுத்ததும் அடுத்த நிறுவனத்துக்குத் தாவிவிட்டால்? அதற்கு பாண்டு போடுங்கள். மூன்று வருடமோ ஐந்து வருடமோ, செலவுக்கு ஏற்ற அளவில், ஒவ்வோர் ஆண்டும் தேய்ந்துகொண்டே போகும் பாண்டு. அதை நாம் எதிர்க்கவில்லை. பணத்தையும் வாங்கிக்கொண்டு பாண்டிலும் கையெழுத்து வாங்குவதைத்தான் எதிர்க்கிறோம். பெண்ணையும் கொடுத்து நகையையும் போட்டு, சீர் போதவில்லை என்று திட்டும் வாங்குகிற சம்பந்தம் அது.

நிறுவனம் மூழ்கினால் அந்தப் பணம் என்னாகும்? 2012-இல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று பெரிய நிறுவனங்கள் பறப்பதை நிறுத்தின. விமானத்தைக் குத்தகைக்கு விட்டவன் அதை மீட்க நீதிமன்றம் போகிறான். வங்கி தன் பங்குக்கு வரிசையில் நிற்கிறது. பயிற்சிக்குக் கட்டியவன் வரிசையில் எங்கே நிற்பது என்று அவனுக்கே தெரியாது. ரேட்டிங்கைப் பயன்படுத்தாமல் விட்டால் அது தூங்கிவிடும். எழுப்ப மறுபடியும் சிமுலேட்டர், மறுபடியும் காசு.

எனவே டிஜிசிஏ, வேலைக்குத் தேர்வான விமானியிடம் டைப் ரேட்டிங்குக்கோ அதற்குப் பிந்தைய பயிற்சிக்கோ எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது என்று விதி வெளியிட வேண்டும். தானே நடத்தாமல் கூட்டாளிப் பயிற்சி நிலையத்தின் பெயரில் ரசீது போடும் தந்திரத்துக்கும் அந்த விதி பொருந்த வேண்டும். கேடட் திட்டங்களில் ஏற்கெனவே கட்டியவர்களின் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வேலை தராவிட்டால் இத்தனை நாளில் திருப்பித் தருவோம் என்று எழுத்தில் வேண்டும். எத்தனை பேரிடம் எவ்வளவு வாங்கினோம், எத்தனை பேருக்கு வேலை கொடுத்தோம் என்ற கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் அமைச்சகத்தின் முன் வைக்க, அமைச்சகம் அதை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். நம் மாநில எம்பிக்கள் அங்கே விமான நிலைய விரிவாக்கத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இதையும் ஒருமுறை கேட்கலாம்.

அந்தப் பையனின் மருத்துவச் சான்று இன்னும் சில மாதத்தில் காலாவதி ஆகிறது. அப்பாவிடம் மீதி இருப்பது இரண்டு லாரி. அடுத்த கேடட் அறிவிப்பு வருவதற்குள் டிஜிசிஏவின் விதி வர வேண்டும்.