குடியை விட விரும்புவோர்க்கு ஓர் அறை

குடியின் தீமையை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய அவசியம் இல்லை. கூலி கைக்கு வரும் நாளன்று அதில் எவ்வளவு வீடு வந்து சேருகிறது, எவ்வளவு வழியிலேயே கரைந்துவிடுகிறது என்பதை இல்லத்தில் இருப்போர் நன்கறிவர். குடிப்பவரும் அறிவார். விட்டுவிடுவதென்று பன்முறை உறுதி பூண்டு, தனியே நின்று போராடித் தோற்றவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். அத்தகையோர்க்கு நெசவாளர் சங்கமாயினும் விவசாயச் சங்கமாயினும் எளிதில் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு மாலை, சங்கக் கட்டடத்தில் ஓர் அறையைத் திறந்து விடுவதே அது.

அவ்வறையில் நடப்பது யாது என்பதைச் சற்று விளக்குவோம். 1935ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்திலுள்ள ஆக்ரன் நகருக்கு பில் வில்சன் என்ற நியூயார்க் பங்கு வியாபாரி வந்திருந்தார். சில மாதங்களாகக் குடியை விட்டிருந்த அவருக்கு, வந்த காரியம் தோல்வியுற்றதும் பழைய வேட்கை தலைதூக்கிற்று. தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளியுடன் பேசினாலன்றித் தப்ப முடியாதென்று தேடி, பாப் ஸ்மித் என்ற மருத்துவரைக் கண்டார். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் அம்மருத்துவர் இறுதியாகக் குடித்த நாள். அதுவே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது. துன்புற்ற ஒருவர் துன்புறும் மற்றொருவரிடம் மனந்திறந்து பேசும்போது, கேட்பவரோடு பேசுபவரும் காக்கப்படுகிறார். இயக்கம் முழுவதும் இவ்வனுபவத்தின் மீதே நிற்கிறது.

சேர்வதற்கு வேண்டிய தகுதி ஒன்றே: குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் இல்லை. முழுப் பெயரைக் கூற வேண்டியதில்லை. ஒருவர் பேசும்போது பிறர் குறுக்கிடுவதில்லை. பேச விரும்பாதவர் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கலாம். ‘இன்று ஒரு நாள் குடியேன்’ என்பதே அவர்களது கணக்கு. குடும்பத்தார்க்கென 1951இல் ‘அல்-அனான்’ என்ற தனி அமைப்பும் தோன்றியது. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு, இக்கூட்டங்களுக்கு முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருப்பதற்குப் பிற சிகிச்சைகளைவிட மிகுதியும் துணை செய்வதாகக் கண்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அவர் முதலில் மருத்துவமனையை நாட வேண்டும். கூட்டம் அதன் பின்னரே. அருகில் கூட்டம் எங்கு நடக்கிறதென்பதை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்களும் உள்ளன.

தமிழிலேயே கூட்டங்கள் நடைபெறுகின்றன. எனினும் கிராமத்திலிருந்து நகரத்துக்குச் செல்ல, தறியை நிறுத்த வேண்டும். பஸ் செலவு உண்டு. இரவில் திரும்ப வண்டி கிடைப்பதும் அரிது. முதல் வாரம் சென்றவர் மூன்றாம் வாரம் நின்றுவிடுவதற்கு இவையே போதும். ஆதலால்தான் உள்ளூரிலேயே ஓர் அறை வேண்டும் என்கிறோம்.

அறை தருவோர் சில வரம்புகளைப் பேண வேண்டும். வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை என்பது அவ்வியக்கத்தின் மரபு. ஆகவே சிறு வாடகையேனும் பெற்றுக்கொள்வதே முறை. வந்தவர் யாரென்று காரியதரிசி கேட்கலாகாது. வாயிலில் நின்று எவரும் நோக்கலாகாது. நூல் வழங்கும்போதோ பயிர்க்கடன் பரிசீலிக்கும்போதோ ஒருவர் அவ்வறைக்கு வந்தார் என்பது பேச்சுக்கு வருமானால், மறு வாரம் அறை காலியாகக் கிடக்கும். ஆண்டறிக்கையில் இதனைச் சங்கத்தின் சாதனையாக எழுதிக்கொள்வதும் தகாது. கூலி கைக்கு வரும் நாளின் மாலையையே இதற்கு ஒதுக்குவது சிறப்பு.

குடிகாரர்கள் கூடினால் சங்கத்தின் கௌரவம் என்னாவது என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் கூடுவது குடியை விடுவதற்காகவே. இப்போதும் அவர்கள் நம் அங்கத்தினர்கள்தாமே! அக்கூட்டங்களில் இறைவனைப் பற்றிய பேச்சு வருகிறதே என்று வேறு சிலர் தயங்கலாம். அவரவர் உணர்ந்தவாறு கொள்ளலாம் என்பதே அங்குள்ள விதி. அதுவும் ஒவ்வாதவர்க்கு மருத்துவரின் ஆலோசனை வழி திறந்தே இருக்கிறது. எவரையும் வற்புறுத்தி அனுப்புதல் கூடாது. பத்து வாரம் வந்தபின் மீண்டும் குடித்துவிடுபவரும் இருப்பார். அவர் திரும்பி வரும் நாளில் ஏளனம் செய்யாமல் வரவேற்பது அக்கூட்டங்களின் வழக்கம். அப்பண்பு ஊராருக்கும் வேண்டும்.

தொடங்குவதற்கு நூறு பேர் வேண்டியதில்லை. விட விரும்பும் இருவர் போதும். அருகிலுள்ள நகரக் குழுவினரை அழைத்தால் வந்து வழிகாட்டக்கூடும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே எந்த அறை, எந்த மாலை, என்ன வாடகை என்ற மூன்றையும் ஆலோசித்துத் தீர்மானிக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.