இரும்பும் களைக்கும்

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். இயந்திரப் பொறியியல் பயிலும் எனக்கு 'வலியறிதல்' அதிகாரத்தின் அந்தக் குறள் மிகவும் பிடிக்கும். ஆயினும் அதனோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அளவு மீறாத சுமையும் அச்சை முறிக்கும்; அது மீண்டும் மீண்டும் ஏறி இறங்கினால் போதும்.

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். எவ்வளவு இழுத்தும் அறாத கம்பி, சில வளைப்புகளில் அறுந்துவிடும். ஓடும் இயந்திரத்தின் பாகங்களில் இதுவே மெதுவாக நடக்கிறது. கூரிய மூலையிலோ கீறலிலோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று பிறக்கிறது. சுமை ஏறி இறங்கும்போதெல்லாம் அது கொஞ்சம் வளர்கிறது. மிச்சமுள்ள உலோகத்தால் தாங்க முடியாத நாளில் பாகம் திடீரென முறிகிறது. இதுவே உலோகக் களைப்பு. ஆங்கிலத்தில் 'ஃபெட்டீக்', மலாயில் 'கெலெசுவான்'. அவையும் மனிதனின் களைப்பைக் குறிக்கும் சொற்களே. ஆனால், உறங்கி எழுந்தால் நம் களைப்பு தீரும். உலோகத்தின் களைப்பு ஓய்வால் தீராது.

உலகம் இதை உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றது. 1842இல் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் வோலர் இரயில் அச்சுகளைப் பல ஆண்டுகள் சோதித்தார். சுமை எவ்வளவு என்பதோடு, எத்தனை முறை என்பதும் முக்கியம் என்று காட்டினார். அப்படியும் பாடம் முடியவில்லை. 1954 ஜனவரி 10ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து இலண்டன் சென்ற காமெட் விமானம் எல்பா தீவருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் இறந்தனர். ஒவ்வொரு பயணத்திலும் உட்காற்றழுத்தத்தைத் தாங்கித் தாங்கி அதன் உடல் களைத்திருந்தது.

இது விமானத்தோடு முடியும் கதையன்று. நம்மில் பலர் மோட்டார் சைக்கிளில்தான் வளாகத்துக்கு வருகிறோம். நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓடினால், சக்கரம் ஓராண்டில் 50 லட்சம் முறைக்கும் மேல் சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் சுமை ஏறி இறங்கும். இடையிடையே சாலைக்குழிகளின் மோதல் வேறு!

மோதலைத் தாங்கக் கடினம் மட்டும் போதாது. அரம் மிகக் கடினமானது; ஆனால் வளைத்தால் ஒடிந்துவிடும். அடியின் ஆற்றலை உள்வாங்கிக்கொள்ளும் உறுதியும் வேண்டும். வளைந்த சக்கர வளையத்தைத் தட்டி நிமிர்த்தும்போது அந்த உறுதியில் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. பார்ப்பதற்கு நேராக இருக்கும். பழைய பலம் இருக்காது.

எனவே என் கருத்து இதுதான். விபத்து வண்டிகளிலிருந்து கழற்றி விற்கப்படும் சக்கரம், அச்சு, முன்கவை, கைப்பிடித் தண்டு ஆகியவற்றை வாங்கிப் பொருத்தக்கூடாது. அவை எத்தனை லட்சம் சுழற்சிகளைக் கண்டன, எந்த அடியை வாங்கின என்பது விற்பவருக்கும் தெரியாது. சாயம் பூசினால் விரிசலும் மறைந்துவிடும்.

"வசதியில்லாதவன் என்ன செய்வான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விளக்கு, இருக்கை, கண்ணாடி, மூடி போன்றவற்றைப் பழையதாகவே வாங்கட்டும்; அவை உடைந்தால் பணம்தான் போகும். முன்கவை முறிந்தால் போவது உயிர். சிக்கனம் செய்ய வேண்டிய இடம் எது, கூடாத இடம் எது என்று பிரித்தறியவே கல்வி வேண்டும்.

அந்தக் கல்வி நம் விரிவுரை மண்டபத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பதே என் ஆதங்கம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, தேசிய இடைநிலைப்பள்ளி வழியாக இங்கு வந்தவன் நான். லாரி ஓட்டும், பட்டறையில் உழைக்கும் நம் உறவினர்களுக்கு இதைத் தமிழில் சொல்ல நம்மைவிட்டால் யார் இருக்கிறார்கள்? விழா எடுப்பதோடு தமிழ்ப்பணி முடிந்துவிடுமா? ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் கழகம் ஒரு பட்டறைக்குச் சென்று, முறிந்த பாகமொன்றைக் கையில் எடுத்துக் காட்டித் தமிழில் விளக்கட்டும்.

இரும்பு தன் களைப்பை வாய்விட்டுச் சொல்லாது. அறிந்தவர்கள் நாம்தான் சொல்ல வேண்டும்.